மூர்த்தி சிறிது, குஷி பெரிது

கேள்வி: கையில் பணம் கொஞ்சம், ஓட்டும் ஆசை அதிகம். எந்தப் பழைய காரை வாங்கலாம்?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: மேனுவல் கியர் பெரோடுவா கெலிசா! 2001 முதல் 2007 வரை வந்த வண்டி. 989 சிசி, எடை 800 கிலோவுக்கும் குறைவு. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறும் மலைப்பாதையில், வளைவுக்கு முன் இரண்டாம் கியருக்கு இறக்கித் திருப்பிப் பாருங்கள். மிதமான வேகத்திலேயே மனசு நிறையும். 1.8 லிட்டர் புரோட்டான் சத்ரியா ஜிடிஐ இன்னும் சீறும். ஆனால் நல்ல வண்டி கிடைத்தால் விலை கையைக் கடிக்கும். எதுவானாலும் தரைவிரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சமாகும் ரிங்கிட்டை முதலில் டயருக்கும் பிரேக்குக்கும் போடுங்கள். வேகத்தை இன்ஜின் தரும். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவை இவை இரண்டும்தான்.