மச்சானுக்கு ஒரு பணி நியமனம்

மக்கள் நல்வாழ்வுத் துறையின் மேலான சமூகத்துக்கு,

பொருள்: சம்பளமில்லாமல் உழைக்கும் தங்கள் ஊழியரைப் பணி நிரந்தரம் செய்வது தொடர்பாக.

அந்த ஊழியர், நோயாளியின் மச்சான்.

ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்ககத்தில். தாலுகா ஆஸ்பத்திரி ஊரக நலப்பணிகள் இயக்ககத்தில். கல்லூரியோடு சேர்ந்த பெரியாஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்ககத்தில். பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள்; நேரில் பேசிக்கொள்வது மரியாதையாக இருக்காதுதான். ஆகவே இங்கே எடுத்த ஸ்கேனை மச்சான் நகைக்கடைப் பையில் போட்டு எடுத்துப்போனால்தான் பல நேரம் அங்கே தெரியவருகிறது. “என்ன ஊசி போட்டாங்க?” என்று டாக்டர் கேட்டால், “மஞ்சளா ஒண்ணு சார்” என்று நோயாளியின் வரலாற்றைச் சமர்ப்பிப்பவரும் அவரே. நரம்பு டாக்டர் இன்று இருக்கிறாரா, கட்டில் காலியா என்பதையெல்லாம் அவர் வாசலில் போய் நின்று கண்டுபிடிப்பார். காலியில்லை என்றால் அடுத்த ஊர்.

உங்களுக்கு ஒத்துழைக்கத் தெரியாது என்று எவனாவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். 2008இல் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் தானம் செய்யப்பட்ட இதயம் சென்னை தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேரவில்லையா? போலீஸ் வழிவிட்டது, அங்கே தியேட்டர் தயாராக இருந்தது. இன்றும் உறுப்பு தானம் என்றால் அரசும் தனியாரும் ஒரே பதிவேட்டுக்குக் கட்டுப்படுகின்றன. நள்ளிரவிலும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி போன் பறக்கிறது. அதே இதயம் உரியவரின் நெஞ்சுக்குள்ளேயே இருந்து பயணம் செய்தால்தான் சிக்கல்.

விபத்தில் அடிபட்டவருக்கும் வழி செய்திருக்கிறீர்கள். 2021இல் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரம், அதில் சேர்ந்த தனியாரிலும் காசு கேட்பதில்லை. நல்ல திட்டம், கிண்டலில்லாமல் சொல்கிறேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்தபடியே நோயில் விழுகிறவர்கள் அதற்காக ரோட்டுக்கா போக முடியும்?

எனவே மச்சானை ‘மருத்துவமனைகள் இடை ஒருங்கிணைப்பு அலுவலர்’ என்று அறிவித்து, அடையாள அட்டையும் பயணப்படியும், ராத்திரி படுக்க வராந்தாவில் ஒரு பாயும் வழங்க வேண்டுகிறேன். கல்வித் தகுதி பார்க்க வேண்டாம். சொந்தமாகப் பைக் இருக்கிறது.

சம்பளத்தை எந்த இயக்ககம் தருவது என்று கேள்வி வரும், கோப்பு மூன்று இடத்துக்கும் போக வேண்டியிருக்கும். அதையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். சாயந்திரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்துவிடுவார்.

இப்படிக்கு,
மச்சான்கள் நலம்விரும்பி