பஃப் கையும் பிஸ்தா பச்சையும்

கல்யாணப் பெண்ணை அழகாகக் காட்ட இரண்டு வழி உண்டு. அவளை அலங்கரிக்கலாம், அதற்குச் செலவு அதிகம். இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவர்களை அலங்கோலப்படுத்தலாம். எண்பதுகளில் திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் இரண்டு வழியையும் ஒரே மேடையில் பார்க்கலாம். நடுவில் மணப்பெண், இரண்டு பக்கமும் தோழிப்பெண்கள்.

நானும் அப்படி நின்றவள்தான். பெரியம்மா மகளுக்குப் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலில் கல்யாணம். அக்காவுக்கு வெள்ளைப் பட்டு, தலையில் நெட், கையில் பூச்செண்டு. எங்களுக்கு ரோஸ் கலர் சாட்டினில் தரை தட்டும் கவுன். கழுத்தைச் சுற்றி அடுக்கடுக்காக ஃப்ரில், இடுப்புக்குப் பின்னால் யாரும் சாய்ந்து உட்காரவிடாத ஒரு பெரிய போ. கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே விறைப்பான துணி கொடுத்துத் தைத்த பஃப், கிட்டத்தட்ட காது வரைக்கும் ஏறி நின்றது. போதகர் ஐயர் வலது பக்கமிருந்து பேசினால் இடது பக்கம் நிற்பவளுக்குக் கேட்காது. மாதமோ மே. சாட்டின் வியர்வையை உறிஞ்சாது. ஆனால் எங்கெங்கே வியர்த்தது என்பதை ஊருக்கே அடையாளம் காட்டிவிடும்.

“நல்லாவே இல்ல பெரியம்மா” என்று அளவு பார்த்த அன்றைக்கே சொல்லிப் பார்த்தேன்.

“ஒன்னைய யாருட்டி பாக்கப் போறா?” என்றாள் பெரியம்மா.

தோழிப்பெண் உடை பற்றி இதைவிடத் தெளிவான கொள்கை விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

டெய்லரைக் குறை சொல்லக் கூடாது. மூல காரணம் லண்டனில் இருந்தது. 1981 ஜூலை 29 அன்று டயானா, டாஃபெட்டா பட்டில் 25 அடி நீள வாலோடு கல்யாணத்துக்கு வந்தார். அவ்வளவு துணியையும் குதிரை வண்டிக்குள் திணித்துக்கொண்டு வந்ததில், செயின்ட் பால் பேராலய வாசலில் இறங்கும்போது கவுன் கசங்கித் தெரிந்தது. உலகம் கசங்கலை மன்னித்துவிட்டு, பஃப் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கை கடல் கடந்து எங்கள் ஊர் டெய்லர் கடைக்கு வந்து சேருவதற்குள் டயானாவுக்கு இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன.

இந்தக் கொடுமை டயானாவோடு தொடங்கியதும் அல்ல. 1840-இல் விக்டோரியா ராணி தன் தோழிப்பெண்களுக்கான உடையைத் தானே படம் வரைந்து கொடுத்தார். ராணியே வரைந்த படத்தைப் பார்த்து “கழுத்தைக் கொஞ்சம் இறக்கித் தைக்கலாமா?” என்று கேட்க யாருக்குத் தைரியம் வரும்? தோழிகள் பன்னிரண்டு பேர். ராணியின் கவுன் வாலைப் பிடித்து நடப்பது அவர்கள் வேலை. வாலோ பன்னிரண்டு பேருக்குப் போதுமான நீளமில்லை. பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஒருவர் பாவாடையை ஒருவர் மிதித்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பெரியம்மா மேல் இருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது.

மீதியும் 2011-இல் போயிற்று. இளவரசர் வில்லியம் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கும் அவர் தங்கை பிப்பாவுக்கும் ஒரே வடிவமைப்பாளர், சாரா பர்ட்டன். தங்கைக்கும் வெள்ளை, ஃப்ரில் இல்லை, பஃப் இல்லை, உடம்போடு ஒட்டி வழிந்த உடை. அடுத்த ஒரு வாரம் உலகப் பத்திரிகைகளில் பாதி தங்கையைப் பற்றித்தான் எழுதின. டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, “இதுக்குத்தான் ஃப்ரில் வைக்கச் சொல்றது” என்றாள்.

அமெரிக்காவில் தோழிகள் இந்த உடையைப் பெரும்பாலும் தங்கள் கைக்காசில் வாங்க வேண்டும். அழவைத்து அதற்குக் காசும் வாங்குவது என்ன நியாயமோ! “பிறகும் போட்டுக்கொள்ளலாம்” என்று மணப்பெண் ஆறுதல் சொல்வாளாம். அலமாரி நிறைய அப்படிப்பட்ட உடைகளை வைத்துக்கொண்டு அல்லாடும் ஒருத்தியைப் பற்றி ‘27 டிரெஸ்ஸஸ்’ என்று 2008-இல் படமே எடுத்தார்கள். நம் பக்கம் பெண்வீட்டார் செலவு, துணியும் வீண்போகாது. என் கவுனை அம்மா பிரித்து, ஒரு பாதியை டி.வி.க்கும் மறு பாதியைத் தையல் மெஷினுக்கும் உறையாக்கினாள். வருகிறவர்கள் எல்லாம் அந்த ஃப்ரில்லைத் தொட்டுப் பார்த்து “எங்க வாங்குனீய?” என்று கேட்டார்கள். நான் போட்டிருந்தபோது ஒருத்தரும் கேட்கவில்லை.

கவுன் காலம் போய்த் தோழிகளுக்குப் புடவை வந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் வினை: கலர் கோடு. வாட்ஸ்அப்பில் உத்தரவு வருகிறது. ஹல்திக்கு மஞ்சள், மெஹந்திக்குப் பச்சை, வரவேற்புக்கு ‘பேஸ்டல்’. எந்த மதம், எந்த ஊர் என்ற பேதமே கிடையாது. முன்பு நாலு பெண்கள் பட்ட பாட்டை இப்போது வம்சமே படுகிறது. சித்தப்பா, தாய்மாமா, பல் விழுந்த தாத்தா எல்லோரும் தோழிப்பெண்கள்தான்.

அந்தப் பேஸ்டல் எனக்குப் பிடிக்கவில்லை. காஞ்சிபுரத்தில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு அதோடு மல்லுக்கு நிற்கும் இன்னொரு நிறம் என்று மூன்று நாடா ஓட்டிக் கோர்வை போட்டு நெய்கிறார்கள். அரக்கும் பச்சையும், மாம்பழ மஞ்சளும் வாடாமல்லியும் சண்டை போடுகிற அழகைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, வெளுத்த பிஸ்தா பச்சை பலமுறை துவைத்துப் போட்டதாகத்தான் தெரியும். அந்தப் புடவைக்கு ஆரி வேலை செய்த ஜாக்கெட் வேறு. ஜாக்கெட் கூலிக்கு இன்னொரு புடவை வாங்கலாம்.

போன மாதம் சென்னையில் ஒரு வரவேற்பு. ஆண்களுக்குப் பிஸ்தா குர்தா என்று உத்தரவு. கேட்டரிங்காரர்களும் கல்யாண வீட்டின் கலருக்கே பையன்களை உடுத்தியிருந்தார்கள். பந்தியில் சொந்தக்காரர்களை விசாரித்துக்கொண்டு வந்த எங்கள் சித்தப்பாவிடம், ஒரு பெரியவர் இலையைக் காட்டி, “தம்பி, இங்க ஒரு கை ரசம்” என்றார். சித்தப்பா கௌரவம் பார்க்காமல் வாளியை வாங்கி வந்து ஊற்றிவிட்டார். பிறகு அந்த வரிசை முழுக்க அவரை விடவில்லை.

நிச்சயமான பெண்களே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தோழிகளுக்கு எவ்வளவு அலங்கோலமான உடையும் கொடுங்கள். அது உங்கள் உரிமை, ராணிகளே செய்தது. சித்தப்பாக்களை மட்டும் வெள்ளை வேட்டியோடு விட்டுவிடுங்கள். தோழிக்கு எடுக்கும் துணியும் பருத்தியாக இருக்கட்டும். டி.வி. எல்லாம் சுவரில் ஏறிவிட்டது, உறை தேவைப்படாது. பருத்தி என்றால் அடுப்படித் துணிக்காவது ஆகும்.