சித்தப்பாவும் சரிவு நிலமும்

பிட்ஸ்பர்க்,
மே 18

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஜூனில் இங்கு வந்ததும் எங்கள் புல்வெட்டும் வண்டியை நீங்கள்தான் ஓட்டப்போகிறீர்கள் என்று சித்தி போனில் சொன்னார். “டிராக்டர் ஓட்டுனவனுக்கு இதெல்லாம் ஒரு வண்டியா?” என்றும் கேட்டீர்களாம். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

இந்த ஊரே மேடும் பள்ளமும்தான். கான்டன் அவென்யூ என்று ஒரு தெரு, 100 அடிக்கு 37 அடி ஏறுகிறது. எங்கள் கொல்லை அதற்குத் தம்பி. அதில் உரம் போட்டுப் புல் வளர்த்து, வளர்ந்ததும் வெட்டி அங்கேயே விடுகிறோம். தின்ன ஒரு மாடு கிடையாது. வெட்டாமல் விட்டாலோ டவுன்ஷிப்பிலிருந்து நோட்டீஸ் வரும்!

இந்த மாதிரி வண்டிகளுக்குப் பொதுவாக 15 டிகிரிதான் எல்லை. அதாவது 10 அடிக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி ஏற்றம். சரிவில் பலகையைப் போட்டு அதன்மேல் போனை வைத்தால் டிகிரியைக் காட்டிவிடும். 15 டிகிரியைத் தாண்டிய மூலையில் வண்டியை இறக்கவே கூடாது.

மற்ற இடத்தில் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், அவ்வளவுதான். குறுக்கே போனால் கவிழும். கையால் தள்ளும் மெஷினுக்கு இது அப்படியே தலைகீழ்: அதைக் குறுக்கேதான் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும்போது கால் பிளேடுக்குப் போய்விடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

விடியற்காலை 5 மணிக்கே வேலையை முடிக்கும் உங்கள் பழக்கம் இங்கே செல்லாது. பனி காய வேண்டும். ஈரப்புல்லில் டயர் பிடிக்காது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி இறக்குவீர்களே, அதையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஏறும்போது சக்கரம் வழுக்கினால் பிளேடை நிறுத்திவிட்டு, திருப்பாமல், மெதுவாக நேரே கீழே இறக்குங்கள். சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. பிளேடு ஓடும்போது எழுந்து நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசப் போனால் என்ஜின் அணைந்துவிடும். வாயை அடக்க இப்படியொரு ஏற்பாடு நம் ஊர் டிராக்டரில் இல்லையே என்று சித்தி வருத்தப்படுவார்.

வேட்டி வேண்டாம், பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். செருப்புக்குப் பதில் அடி வழுக்காத ஷூ ஒரு ஜோடி வாங்கி வாருங்கள். பேரன் மடியில் உட்கார வேண்டும் என்று அழுவான். எவ்வளவு அழுதாலும் ஏற்றாதீர்கள், சித்தப்பா.

அன்புடன்,
உங்கள் மகன்