50 மீட்டர் ஆழமும் ஒரு சொம்பு வெந்நீரும்

அனுப்புநர்: ஒரு மருமகன், மயிலாடுதுறை.

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், இந்தியத் தர நிர்ணய அமைவனம், மானக் பவன், புது தில்லி.

பொருள்: ஸ்மார்ட்வாட்ச் கட்டிய கையோடு தலைக்குக் குளிப்பது – புதிய இந்தியத் தரம் வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வாட்ச் பெட்டியின் பின்பக்கம் (பூதக்கண்ணாடி வைத்துப் படித்தது).

ஐயா / அம்மையீர்,

1947இல் தொடங்கி, தேசியக் கொடிக்கு ஐ.எஸ். 1 என்று முதல் எண்ணைக் கொடுத்த பரம்பரை தங்களுடையது. கொடியில் ஆரம்பித்து கீசர் வரைக்கும் வந்துவிட்டீர்கள். இன்னும் நாலடி எடுத்து வைத்துப் பாத்ரூமுக்குள்ளும் வர வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

என் மாமனார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பணிக்காலம் முழுவதும் கட்டிய எச்.எம்.டி.யைக் குளிக்கப் போகுமுன் கழற்றி, சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனவர். அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு குளிக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை. அதுவும் அவர் எங்கே விழுந்தார் என்று யாருக்கும் தகவல் சொன்னதில்லை. போன வருஷம் என் மைத்துனன் ஆன்லைனில் ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கையில் மாட்டிவிட்டு, “அப்பா, இதைக் கழட்டவே கழட்டாதீங்க. நீங்க விழுந்தா எனக்கு போன் வரும்” என்று சொல்லிவிட்டுப் பெங்களூருக்கு ரயிலேறினான். மாமனார் சொன்ன சொல் தட்டாதவர். சனிக்கிழமை நல்லெண்ணெய், சீயக்காய், ஆவி பறக்கும் வெந்நீர் எல்லாமே வாட்சோடுதான் நடந்தன.

நனைந்த தொடுதிரைக்குத் தண்ணீர்ச் சொட்டும் விரலும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஒரு சனிக்கிழமை அது தானாகவே என் அப்பாவுக்குப் போன் போட்டது. அப்பா “சம்பந்தி, சம்பந்தி” என்று கத்திப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொட்டும் சத்தத்தைக் கேட்டுப் பயந்து, ஊரில் வெள்ளமா என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். தலைக்குத் தேய்த்த தேய்ப்பு நடைக் கணக்கில் ஏறியதில் மாமனாருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வாருக்கு அடியில் சோப்பு தங்கி மணிக்கட்டு அரித்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்தது. அதற்கப்புறம் அது மணியும் காட்டவில்லை, நாடியும் காட்டவில்லை.

சர்வீஸ் சென்டரில் நடந்ததை அப்படியே தருகிறேன். பையன் டார்ச் அடித்துப் பார்த்தான்.

“லிக்விட் டேமேஜ் சார். வாரண்டியில வராது.”

“50 மீட்டர்னு போட்டிருக்கே தம்பி?”

“அது ஆழம் சார். ஸ்விம்மிங் பூல், அந்த மாதிரி. நீங்க எங்க யூஸ் பண்ணீங்க?”

“பாத்ரூம்ல.”

“அதான் சார் பிரச்சினை.”

“அப்போ துலாக்கட்டத்து ஆத்துல போய் முங்கியிருந்தா வாரண்டி உண்டா?”

பையன் மேனேஜரைக் கூப்பிடப் போனான். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார்.

அந்த 50 மீட்டரை யாரும் இறங்கிப் பார்த்து எழுதவில்லை என்பது தங்களுக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியாது. ஐ.எஸ்.ஓ. 22810 என்ற பன்னாட்டுத் தரம் 2010இல் வந்தது. புது வாட்சை ஒரு கலத்துக்குள் வைத்து, அவ்வளவு ஆழத்தில் இருக்கக்கூடிய அழுத்தத்தைச் சில நிமிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். தயாராகும் ஒவ்வொரு வாட்சும் இதில் தேற வேண்டும் என்றில்லை, மாதிரிக்கு எடுத்தவை தேறினால் போதும். டைவர்கள் கட்டுகிற வாட்சுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்று தனித் தரம். அங்கே ஒன்று விடாமல் சோதனை. ஆவி படிகிறதா என்று பார்க்கவும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 40, 45 டிகிரிச் சூட்டில் தட்டின் மேல் வாட்சை வைத்து, கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பது. ஒரு சொட்டு, ஐயா. எங்கள் வீட்டில் சனிக்கிழமைக்கு மூன்று வாளி.

பெட்டியில் ஐ.பி. 68 என்று இன்னொரு எண்ணும் இருந்தது. 6 என்றால் தூசு நுழையாது. 8 என்றால் ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீரில் கிடந்தாலும் தாங்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். இதை விளக்கியபோது மாமனார், “வினாத்தாளைப் பையனே எழுதிக்கிட்டு வந்து நூத்துக்கு நூறு வாங்குற மாதிரி” என்றார். மூழ்கலில் 8 வாங்கியது பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று அர்த்தமில்லை, அதற்கு வேறு எண், வேறு சோதனை என்பதைச் சொன்னதும் எழுந்து போய்விட்டார்.

உள்ளபடி பார்த்தால் எங்கள் ஷவர் அப்பாவி. மொட்டைமாடித் தொட்டிக்கும் அதற்கும் 3 மீட்டர்கூட உயரம் இருக்காது. 10 மீட்டர் தண்ணீருக்கு ஒரு அட்மாஸ்ஃபியர் என்ற கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. வாட்ச் தாங்குவதாகச் சொல்வதோ ஐந்து. அந்த ஐந்தை ஷவரில் வரவழைக்க வேண்டுமானால் நான் பதினைந்து மாடி கட்டி உச்சியில் தொட்டி வைக்க வேண்டும். உள்ளே புகுந்தது சோப்பு. வெறும் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் தயங்கி நிற்கிற நூலிழைச் சந்துக்குள் சோப்புத் தண்ணீர் நைசாக இறங்கிவிடும். வெந்நீர்ச் சூட்டில் உலோகம் ஒரு மாதிரி விரியும், ரப்பர் வளையம் வேறு மாதிரி விரியும். தண்ணீர் போகாத இடத்துக்கு ஆவி போகும், குளிர்ந்ததும் சொட்டாகும். எண்ணெயும் ஷாம்பூவும் வாராவாரம் பட்டு ஸ்பீக்கர் ஓட்டையில் ஏடு கட்டும். வளையத்துக்கும் வயதாகும்.

ஆப்பிள் கம்பெனி (மாமனாருடையது அது இல்லை) இதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. வாட்சோடு ஷவரில் குளிக்கலாம். ஆனால் சோப்பு, ஷாம்பூ, கண்டிஷனர், லோஷன், வாசனைத் திரவியம் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தண்ணீர் தாங்கும் திறன் நிரந்தரமல்ல, நாளாக ஆகக் குறையும். அதை மறுபடி சோதித்துப் பார்க்கவோ திரும்ப அடைத்துக் கொடுக்கவோ வழியில்லை. ஆக, சோப்பு போடாமல் குளிக்க வேண்டும். என்றைக்கு ஒழுகும் என்பதை ஒழுகிய பிறகு தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் தங்கள் உதவி தேவைப்படுகிறது. குளியல் சோப்புக்குத் தரம் வகுத்தவர்கள் நீங்கள்: ஐ.எஸ். 2888. மொத்தக் கொழுப்புப் பொருள் 76 சதவீதம் இருந்தால் முதல் கிரேடு, 70 என்றால் இரண்டு, 60 என்றால் மூன்று. கீசருக்கு ஐ.எஸ். 2082. ஸ்மார்ட்வாட்சும் மின் பாதுகாப்புக்காகத் தங்களிடம் பதிந்து, ஆர் என்று தொடங்கும் எண் வாங்கித்தான் கடைக்கு வருகிறது. சோப்பு உங்களுடையது, வெந்நீர் உங்களுடையது, வாட்சும் பாதி உங்களுடையது. மூன்றும் தனித்தனியே பாஸ். மூன்றும் எட்டடிக்கு ஐந்தடி அறையில் ஒன்றாகச் சந்தித்தால் மட்டும் பொறுப்பு துண்டு கட்டிக்கொண்டு நிற்கிற கிழவருடையது.

இதில் எனக்குச் சிரிப்பு வராத இடம் ஒன்று உண்டு. விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி என்றுதான் வயதானவர்கள் உள்ள வீடுகளில் இதை விற்கிறார்கள். சில வாட்சுகளில், 55 வயதுக்கு மேல் என்று பதிந்தால் அது தானாகவே இயங்கத் தொடங்கும். விழுந்தவர் ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் அதுவே உதவிக்கு அழைக்கும். நல்ல வசதி, குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வழுக்கி விழுவது ஹாலில் டிவிக்கு முன்னாலா? நுரை படிந்த டைல்ஸில், உள்தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால். வாட்ச் எங்கே தேவையோ அங்கே கட்டாதே என்கிறது உத்தரவாதச் சீட்டு. சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது மாமனார் என்னையே கூப்பிடுவார், வாட்ச் எதற்கு?

எனவே தாங்கள் ‘குளியல் தாங்குதிறன்’ என்ற பெயரில் ஒரு வரைவுத் தரம் வெளியிட வேண்டுகிறேன். மீட்டரில் அளக்க வேண்டாம். முதல் கிரேடு சோப்பு, சீயக்காய், நல்லெண்ணெய், கீசர் வெந்நீர், போர்வெல் உப்புத் தண்ணீர் இவற்றில் வாரம் எத்தனை குளியல், எத்தனை வருஷம் தாங்கும் என்று அளந்து, பெட்டியின் முன்பக்கம், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில், தமிழிலும் அச்சிட வேண்டும். தாங்காது என்றால் ‘கட்டிக்கொண்டு குளிக்காதீர்’ என்று ஐம்பதை விடப் பெரிதாகப் போடட்டும். தாங்கும் என்று போட்டுவிட்டு அதற்குள் ஒழுகினால் வாட்சை மாற்றித் தரட்டும். எங்கே குளித்தீர்கள் என்ற கேள்வி எழக்கூடாது.

தங்கள் குழுக்களில் நுகர்வோர் தரப்புக்கும் இடம் உண்டு என்று அறிகிறேன். என் மாமனாரைப் பரிந்துரைக்கிறேன். பயணப்படி வேண்டாம், மூன்றாம் ஏசி போதும். கூட்டத்தை மட்டும் சனிக்கிழமை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு மருமகன்.

இணைப்பு: அரைத்த சீயக்காய்ப் பொடி, 200 கிராம் – ஆய்வகச் சோதனைக்கு. மீதியைத் திருப்பி அனுப்பவும்.