நல்ல வெயிட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லேத்தில் 25 மி.மீ. இ.என்.8 ராடு ஒன்றில் பார்ட்டிங் போட்டுக்கொண்டிருந்தபோது டூல் போஸ்ட் என்னைப் பார்த்துத் தலையாட்டியது. மரியாதைக்கு நானும் ஆட்டியிருப்பேன், நேரம் கிடைக்கவில்லை. டூல் ஜாபுக்குள் புகுந்தது, பிளேடு முறிந்தது, ஒரு துண்டு ஜன்னல் கம்பியில் 'டிங்' என்று அடித்துவிட்டு எங்கோ போனது. இன்னும் கிடைக்கவில்லை. அது கிடைக்கும்வரை செருப்பில்லாமல் யாரும் ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று வீட்டம்மாள் உத்தரவு.

அந்த டூல் போஸ்டை வாங்கிய விதத்தில் என்மேல் குற்றம் சொல்ல முடியாது. நீங்களும் அப்படித்தான் வாங்கியிருப்பீர்கள். கையில் எடுத்தேன், இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்தேன், "நல்ல வெயிட்டு" என்றேன், காசைக் கொடுத்தேன். குக்கருக்கும் தோசைக்கல்லுக்கும் சரியாக இருந்த சோதனை குயிக் சேஞ்ச் டூல் போஸ்டுக்கு மட்டும் எப்படிப் பொய்க்கும்?

"வெட்ஜ் டைப்புங்க சார், அலோரிஸ் மாடல்" என்றார் கடைக்காரர். அமெரிக்க அலோரிஸ் கம்பெனி அசலாகச் செய்ததை உலகமே நகல் எடுக்கிறது, அது தப்பில்லை. வெட்ஜ் டைப்பில் கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே ஓர் ஆப்பு மேலும் கீழும் நகர்ந்து ஹோல்டரை டவ்டெயிலின் முழு உயரத்துக்கும் இறுக்கும். பிஸ்டன் டைப்பில் ஓர் உருளைக் கட்டை வெளியே வந்து ஹோல்டரின் முதுகில் ஓரிடத்தில் முட்டும், அவ்வளவுதான். ஆகவே வெட்ஜுக்கு விலை கூட. கூடக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால், டப்பாவின்மேல் வெட்ஜ், டப்பாவுக்குள் பிஸ்டன்.

மலிவு டூல் போஸ்டின் தரம் பார்க்க மூன்று சோதனைகள் உண்டு. மூன்றையும் உங்களுக்குச் சொல்லிவிடத்தான் உட்கார்ந்தேன்.

முதலாவது நீலம். டவ்டெயிலில் மார்க்கிங் புளூவை மெல்லிசாகத் தடவி, ஹோல்டரைப் போட்டு இறுக்கிக் கழற்ற வேண்டும். எங்கெங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் உண்மையான பிடிப்பு. எனக்கு இரண்டு மூலையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒட்டியிருந்தது. படமெடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். "ஓட ஓட செட்டாயிருங்க சார்." இந்தக் கோயமுத்தூரில் ஓட ஓட செட்டாகாத பொருள் என்று ஒன்றை யாராவது எனக்கு விற்றுக் காட்டட்டும். புதுச் செருப்பு, ஸ்கூட்டர் பிரேக், போன வருஷம் கட்டிய பல் செட், எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இரண்டாவது, ஸ்லாட். டூல் உட்காரும் அந்தத் தரை மட்டமாக இருக்க வேண்டும். என்னுடைய ஹோல்டரில் மொட்டைமாடிக்கு மழைத்தண்ணீர் ஓட வாட்டம் விடுவார்களே, அப்படி விட்டிருக்கிறார்கள். டூலின் மூக்கு கீழே பார்க்கிறது. 6 இஞ்ச் ஸ்கேலை ஜாபுக்கும் டூல் முனைக்கும் நடுவே லேசாகப் பிடித்துப் பார்த்தேன். சென்டரில் இருந்தால் ஸ்கேல் செங்குத்தாக நிற்கும். என் ஸ்கேலின் தலை என் பக்கம் சாய்ந்தது, அதாவது டூல் தாழ்வு. உயர நட்டைத் திருகி ஹோல்டரை ஏற்றலாமே என்பீர்கள். ஏற்றினேன். பாதி டவ்டெயில் அந்தரத்தில் தொங்கியது. பேக்கிங் வைப்பதைத் தவிர வழியில்லை. பேக்கிங் தொல்லையே வேண்டாம் என்றுதான் பழைய நாலு பக்க டூல் போஸ்டைக் கழற்றிவிட்டு இதை வாங்கினேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

மூன்றாவது இருக்கட்டும், பேக்கிங்குக்கு என்னிடம் கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றன. சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டு பீரோ அடித்தட்டிலும் இருக்கின்றன. சாமி படம் போட்டிருப்பதால் தூக்கியெறிய மனசு வராது, தேதி முடிந்துவிட்டதால் வேறு உபயோகமும் கிடையாது. மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, பின்னால் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். சித்தப்பா பையன் கல்யாணம் 0.31 மி.மீ. கான்ட்ராக்டர் வீட்டுக் கல்யாணம் 0.62, லேமினேட் செய்தது, ஆயில் பட்டாலும் ஊறாது, நல்ல சம்பந்தம். மணிவிழா 0.25. காதுகுத்து 0.18. புதுமனை புகுவிழா கடன் முடிந்த கையோடு அடித்தது போல, 0.15தான். மஞ்சள் தடவிய மூலைகளைத் தவிர்க்க வேண்டும், காய்ந்த மஞ்சள் 0.03 வரை கூட்டிக் காட்டுகிறது, அதுவும் நாலு மூலையிலும் நாலு விதமாக. வெல்வெட் ஒட்டிய பத்திரிகை ஸ்பிரிங் மாதிரி எழும்பும், ஆகாது. பிள்ளையார் இருக்கும் பகுதியை வெட்டித் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவேன். அவர்மேல் டூலை ஏற்றினால் ஜாப் உருப்படுமா?

0.6 வேண்டுமென்றால் கல்யாணத்தின்மேல் காதுகுத்தை வைத்து, அடியில் ஒரு ரேசர் பிளேடு. 0.31, 0.18, 0.1, ஆக 0.59. மின்சார ரேசர் செய்த ஜி.டி.நாயுடுவின் ஊரில் பிளேடைத் தேடி நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. மொய்கூட இப்போதெல்லாம் இந்தக் கணக்கில்தான் எழுதுகிறேன், 0.4க்கு மேல் போனால் ஆயிரம். என் கவலையெல்லாம் இந்த வாட்ஸ்அப் பத்திரிகைகளைப் பற்றித்தான். மூன்று வருஷமாகச் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் நாதஸ்வரத்தோடு வீடியோ அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அதன் தடிமன் என்ன? எதன் அடியில் வைப்பது? அடுத்த தலைமுறை எதைக் கொண்டு சென்டர் பார்க்கும்?

எதிர்வீட்டு அண்ணன் நாற்பது வருஷம் டர்னர். ஒருநாள் ஷெட்டுக்கு வந்தவர் காதுகுத்துப் பத்திரிகை டூலுக்கடியில் எட்டிப் பார்ப்பதைக் கண்டார். "ஏனுங்க சார், பேப்பர் அமுங்குமல்லங்க? ஆக்ஸா பிளேடை ஒடிச்சு வைங்க. 0.65 இருக்கும், அசையாது." நான் புன்னகைத்தேன். சொந்தத்தில் இத்தனை சேர்த்து வைத்துவிட்டு ஆக்ஸா பிளேடுக்குப் போவானேன்?

ஞாயிற்றுக்கிழமை டூல் முறிந்த பிறகு, நேர்மையாக இருக்க வேண்டுமே என்று, பேக்கிங்கை வெளியே எடுத்து அளந்தேன். சித்தப்பா பையன் 0.26க்கு வந்திருந்தான். இதை அண்ணனிடம் சொல்லவில்லை. இரண்டு மூலையில் மட்டும் பிடிக்கிற டூல் போஸ்ட் ஒரு நல்ல குடும்பத்துப் பத்திரிகையை நசுக்கியிருக்கிறது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். பிஸ்டனை வைத்துக்கொண்டு வெட்ஜ் என்று பெயர் சொல்லுகிற ஒன்றை யார் நம்புவார்கள்?

செவ்வாய்க்கிழமை ஒன்றுவிட்ட தங்கையும் அவள் வீட்டுக்காரரும் பெண் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார்கள். டீபாயில் நியூஸ்பேப்பர் விரித்து, கழுவித் துடைத்த டூல் போஸ்டை வைத்திருந்தேன், கடைக்காரர் முகத்தில் விட்டெறிவதற்காக. மாப்பிள்ளை அதைக் கையில் எடுத்தார். இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்தார்.

"நல்ல வெயிட்டுங்க மச்சான்."

தங்கை தட்டோடு பத்திரிகையை நீட்டினாள். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று வீட்டம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இன்னும் பிரிக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன. 0.45க்குக் குறையாது, மஞ்சள் இல்லாமலே.