எந்தக் குருவுக்கும் சீடரில்லை

அரியாங்குப்பத்தில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். டாரென்ட் என்ற பகிர்வு வலையில் கோப்பு நூறு சதவீதத்தைத் தொட்ட மறுநொடி, இலையை மடித்துவிட்டுப் பந்தியிலிருந்து எழுவதுபோல எல்லாவற்றையும் மூடிவிடுவார். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு பிறருக்குக் கொடுப்பவருக்கு அந்த வலையில் ‘சீடர்’ (seeder) என்று பெயர். நம்மவர் எந்தக் குருவுக்கும் சீடராக இருந்ததில்லை. (அவர் இறக்குவது உபுண்டு லினக்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். சினிமா என்றால் பேச்சு காவல் நிலையம் வரை நீளும்.) வேகம் குறைந்தால் மட்டும் கேபிள்காரருக்குப் போன் போகும். கம்பி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் எதிர்முனையில் கொடுக்க ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. இத்தனைக்கும் பக்கத்தில்தான் பழைய துறைமுகமான அரிக்கமேடு. ரோமானிய மது ஜாடிகள் இறங்கின, நம்மூர் மணிகள் கப்பலேறின. இறக்குமதி மட்டும் போதும் என்று அன்று யாராவது உட்கார்ந்திருந்தால் 1945-இல் அங்கே அகழாய்வு செய்த தொல்லியலாளர் வீலர் வெறும் மண்ணைத்தான் தோண்டியிருப்பார்.

இவர் தனிப்பிறவியல்ல. நுட்டெல்லா என்ற பகிர்வு வலையை 2000-ஆம் ஆண்டில் ஆராய்ந்த அடாரும் ஹூபர்மனும், அதில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை என்று கண்டார்கள். அடுத்த ஆண்டு பிட்டாரென்ட்டை வெளியிட்ட பிராம் கோஹன் இதற்கு வைத்த மருந்து, நம் பாஷையில் சொன்னால், மொய் நோட்டு. கோப்பு துண்டுகளாகப் பிரியும். எனக்கு வேகமாகத் தருபவருக்கே நானும் தருவேன். புதிதாக வருபவரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காதே என்று, சுமார் 30 நொடிக்கு ஒருமுறை யாரோ ஒருவருக்குக் கணக்குப் பார்க்காமல் ஒரு வாய் போடுவதும் உண்டு. அப்லோடை நொடிக்கு 1 கேபி என்று நெரித்துவைக்கும் நம்மவர் இந்த ஒரு வாயிலும் சீடர்களின் தயவிலும்தான் வயிறு வளர்க்கிறார். ஊர் மொய் நோட்டு பேரன் காலம் வரை நிற்கும். இந்த நோட்டையோ பந்தி முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இலையை மடித்தவரை யாரும் கேட்பதில்லை.

“அப்லோடு போனா டவுன்லோடு படுத்துடுதே” என்பார். பொய்யில்லை. பழைய ஏடிஎஸ்எல் இணைப்பில் மேலே போவது ஒற்றையடிப் பாதை. அது அடைத்துக்கொண்டால் ‘வந்து சேர்ந்தது’ என்ற ரசீதும் சிக்கிக்கொள்ளும், ரசீது பார்க்காமல் எதிர்முனை அடுத்ததை அனுப்பாது. அதற்காக அப்லோடைக் கொள்ளளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் போதும், குரல்வளையைப் பிடிக்க வேண்டியதில்லை. ஃபைபர் வந்த வீட்டில் அந்தச் சாக்கும் எடுபடாது. “நான் ஒருத்தன் மூடினா என்ன?” என்பது அடுத்தது. புது வெளியீடு வந்த வாரத்தில் ஒன்றும் ஆகாதுதான், ஆயிரம் பேர் இருப்பார்கள். பழைய பதிப்பைத் தேடும்போது பாருங்கள்: 99.2 சதவீதம், சீடர்கள் 0. மிச்சத் துண்டை வைத்திருந்தவர்கள் எல்லாரும் இலையை மடித்தவர்கள். போன வருடம் அதே கோப்பை இறக்கி, இடம் போதவில்லை என்று அழித்த ஒருவரும் அதில் உண்டு. அவர் இப்போது கேபிள்காரரின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.