டெலிட் அமுக்குற மாப்ளைக்கு

வா மாப்ள. ஆர்.டி.ஐ. மனு ஒண்ணு வந்ததும் ராத்திரியோட ராத்திரியா ஆபீஸ் மெயில் பெட்டியைக் கழுவி மொழுகிக் கோலம் போட்டுட்டயாமே, எங்கக்கா பூரிச்சுப் போய்ச் சொன்னா. கெட்டிக்காரன்தான். நானும் தாலுகா ஆபீஸ் பதிவறையில தூசியைத் தின்னே ரிட்டையர் ஆனவன், உனக்கு என்னத்தச் சொல்லித் தரப் போறேன்? இருந்தாலும் உக்காரு.

எங்க காலத்துல கடுதாசிக்குக்கூட ஆயுசு எழுதி வச்சிருந்தாங்க. ஓ.மு.ன்னா ஒரு வருஷம், மூ.மு.ன்னா மூணு, ப.மு.ன்னா பத்து. நிரந்தரமா இருக்க வேண்டியது தனிக் கட்டு. அந்தத் தேதிக்கு முன்னாடி கோப்பைக் கிழிக்கிற தைரியம் எலிக்கு மட்டும்தான் இருந்துச்சு; எலிக்குச் சார்ஜ் மெமோ குடுக்க முடியாது பாரு. உன் மெயிலுக்கு நீயே சித்திரகுப்தன், நீயே எமன். கணக்கும் உன்னது, கயிறும் உன்னது.

மெயில் எல்லாம் ஒரு ரெக்கார்டாம்பே. தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(எஃப்) எடுத்துப் பாரு. ஆவணம், குறிப்பாணைன்னு வர்ற வரிசையில மின்னஞ்சலும் சம்மணம் போட்டு உக்காந்திருக்கும். மனுவுல கேட்ட தகவலை அழிச்சா பிரிவு 20: நாளுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000. கஜானாக் காசு இல்ல, பொதுத் தகவல் அலுவலரோட சொந்தக் காசு. தகவலைக் குடுக்குற நாள் வரைக்கும் மீட்டர் ஓடும். அழிச்சதை எந்த நாள் குடுப்ப? அபராதம் அவருக்குத்தானேன்னு சிரிக்காத. அவர் உன்கிட்ட உதவி கேட்டிருந்தா, பிரிவு 5(5) உன்னையும் பொதுத் தகவல் அலுவலராவே பாவிச்சுக்கும். பரீட்சை எழுதாமலே பதவி உயர்வு, அபராதம் கட்ட மட்டும்!

சரி, அழிச்சா அழிஞ்சிருமா? அமெரிக்காவுல, வெள்ளை மாளிகையில ஆலிவர் நார்த்னு ஒரு லெப்டினன்ட் கர்னல். ஈரானுக்கு ஆயுதம் வித்த காசை நிகராகுவா கலகக்காரங்களுக்குத் திருப்பிவிட்ட கதை 1986 நவம்பர்ல வெளிய கசியவும், அவரும் அவருக்கு மேல இருந்த பாயின்டெக்ஸ்டரும் உக்காந்து ஐயாயிரத்துக்கு மேல கம்ப்யூட்டர் செய்தியைத் துடைச்சாங்க. துடைச்சது பேக்கப் டேப்புல பத்திரமா இருந்துச்சு. விசாரணைக் கமிஷன் அதை எடுத்துத்தான் படிச்சது.

அதுக்கப்புறமாவது புத்தி வந்துச்சா? 1989 ஜனவரியில ரீகன் பெட்டி கட்டுற நேரம், மிச்ச டேப்பையும் காலி பண்ணப் பாத்தாங்க. ஸ்காட் ஆம்ஸ்ட்ராங்னு ஒரு பத்திரிகைக்காரர், நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ்ங்கிற அமைப்போட சேந்து கோர்ட்டுக்குப் போய்த் தடுத்துட்டார். “முக்கியமானதை எல்லாம் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கோமே”ன்னு அரசாங்கம் வாதாடுச்சு. 1993-ல மேல்முறையீட்டு கோர்ட் அதை ஏத்துக்கல. யார் யாருக்குப் போச்சு, எப்போ கைக்குக் கிடைச்சதுங்கிற விவரமெல்லாம் அந்தத் தாள்ல வராது, தாள் மூலமாகாதுன்னு சொல்லிருச்சு. நீங்களும்தான் மெயிலைப் பிரிண்ட் எடுத்து, ஓரத்துல ஓட்டை போட்டு நூல் கோத்துட்டு, மூலத்தைத் தூக்கி எறியிறீங்க. அந்தச் சாமர்த்தியம் அங்க எப்பவோ தோத்துப்போன கேஸ் மாப்ள.

“இனிமே சொந்த ஜிமெயில்ல வச்சுக்கிறேன்”பே. ஹிலாரி கிளின்டன் அம்மாவும் அமெரிக்க வெளியுறவு மந்திரியா இருந்தப்போ வீட்டுலயே சர்வர் வச்சிருந்தாங்க. மெயில்ல பாதியை அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைச்சுட்டு, மீதி மக கல்யாணமும் யோகாவும்னு அழிச்சாங்க. 2016 தேர்தல் முழுக்க ஊரே அதைத்தான் பேசுச்சு. நீ யோகா பண்றவன்னு எவனும் நம்ப மாட்டான்.

இப்ப முக்கியமான சங்கதி. பெரிய இடத்துல இருந்து போன் வரும்: “அந்த ஃபைலைக் கொஞ்சம் பாத்துக்கப்பா.” பாத்துக்கிட்டா மாட்டுறது நீ, போன்ல பேசினதுக்குத் தடயம் ஏது? வாய்மொழி உத்தரவைப் பதிவு பண்ணாம விட்டா தகவல் உரிமைச் சட்டத்துக்கே அர்த்தமில்லன்னு டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்குல 2013-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. அதனால போனை வச்ச கையோட பணிவா ஒரு மெயில் தட்டணும்: “ஐயா, தாங்கள் இன்று தொலைபேசியில் அறிவுறுத்தியபடி...” அவ்வளவுதான். நாளைக்கு விசாரணைன்னு வந்தா உன் பக்கம் பேச அந்த ஒரு வரிதான் இருக்கும்.

என்ன முழிக்கிற? அப்படி நீ அனுப்பினதையும் சேத்தா துடைச்ச?

அடப்பாவி. அப்போ உன் சாட்சியைத்தான் ஒழிச்சிருக்க. உனக்கு ஆகாதது எல்லாம் அனுப்பினவன் பெட்டியிலயும், நகல் வாங்கின நாலு பேர் பெட்டியிலயும் கொழுக் மொழுக்னு இருக்கும்.

எந்திரி. ட்ராஷ்ல இன்னும் கிடந்தாலும் கிடக்கும். ஏழு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது ஒன்பதரைக்குத்தான்.